சம்பந்தி வீட்டு ரம்பம்

கணக்கு டீச்சர் ஸ்கூட்டரை சர்வீசுக்கு விடத்தான் தம்பியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். திரும்பி வரும்போது கைப்பையில் மூன்று தேய்ந்த அரங்கள் இருந்தன. பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான் என்று அவருடைய கணவர் பிற்பாடு பார்க்கிறவர்களிடமெல்லாம் கிழமையோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுமுறை. வண்டி தயாராக ஒரு மணி நேரம் ஆகும் என்று தம்பி சொல்லிவிட்டான். லாரிகளைப் பழுது பார்க்கும் இடத்தில் ஒரு மணி நேரம் எதைப் பார்ப்பது? டீச்சர் ஒரு டயர் மேல் துணியை விரித்து உட்கார்ந்து தம்பியையே பார்த்தார். அவன் ஓர் அரத்தை எடுத்து இரும்பில் இரண்டு தேய் தேய்த்தான், அது வழுக்கிக்கொண்டு போனது, பல்லெல்லாம் போச்சு என்று முணுமுணுத்து இரும்புக் குப்பை டிரம்மில் வீசினான். டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. இதை வைத்து வேறு ஒன்றும் செய்ய முடியாதா என்று கேட்டார்.

"கத்தி பண்ணலாம்க்கா. நல்ல எஃகு. ஆனா யாரு மெனக்கெடுறது?"

வகுப்பில் கேட்ட கேள்விக்கு ஒருத்தரும் கை தூக்காமல் இருந்தால் டீச்சருக்குப் பொறுக்காது. இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம் அது. டயர் மேல் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கிவிட்டார்.

அடுத்த ஒரு மாதம் அவர் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம்தான் குடியிருந்தார் என்று சொல்ல வேண்டும். தம்பி நாலு செங்கல்லை அடுக்கி, கேஸ் பர்னர் ஒன்றை வைத்து ஒரு குட்டி உலை கட்டிக் கொடுத்தான். அரம் என்பது கல்லு மாதிரி கெட்டியாக இருக்கும், அதை முதலில் பழுக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து, மெதுவாக ஆறவிட்டால்தான் வழிக்கு வரும் என்று சொன்னான். வழிக்கு வந்ததும் கத்தி உருவத்துக்கு ராவ வேண்டும். பிறகு மறுபடி காய்ச்ச வேண்டும். காந்தம் ஒட்டாமல் போகிற அளவுக்குச் சூடு ஏறினதும் எண்ணெயில் முக்க வேண்டும். டீச்சர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த அன்னாசிப்பழ காந்தத்தை அன்றே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் கத்தியை எண்ணெயில் முக்கச் சொன்னால் பக்கத்தில் இருந்த தண்ணீர் வாளியில் முக்கினார். டிங் என்று ஒரு சத்தம். வெளியே எடுத்தபோது பாதிதான் வந்தது. மீதிப் பாதி வாளியின் அடியில் கிடந்தது. தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பத்து நாள் உழைப்பு பாழாய்ப் போனதற்கு அழ வேண்டியவர், கையில் பாதிக் கத்தியோடு நின்று, கண்ணில் நீர் வர அவனோடு சேர்ந்து சிரித்தார். இரண்டாவது கத்தி வாழைப்பழம் மாதிரி வளைந்துகொண்டது. மூன்றாவது நேராக வந்தது.

அதற்கு இன்னும் ஒரு சடங்கு பாக்கி. எண்ணெயில் முக்கிய கத்தி கண்ணாடி மாதிரி நொறுங்கும்; மிதமான சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால்தான் அந்தக் குணம் போகும். டீச்சர் அதை வீட்டில் கேக் சுடும் மின்சார அடுப்பில் வைத்தார். அவருடைய கணவர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் விபத்துப் பிரிவில் இருப்பவர். உலகத்தில் எது எது எப்படியெப்படித் தீப்பிடிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. சமையலறையிலிருந்து எண்ணெய்ப் புகை வாசனை வந்ததும் ஒரு கையில் போர்வையும் மறு கையில் வாளியுமாக ஓடி வந்தார். உள்ளே அவர் மனைவி அடுப்பின் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு, எஃகு வைக்கோல் நிறத்துக்கு மாறுகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்.

மறுநாள் அந்தக் கத்தியால் ஒரு தக்காளியை நறுக்கினார். முதல் வில்லை விழுந்தபோது அவருக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. அதைச் செய்தித்தாள் மேல் போட்டுப் பார்த்தார். தலைப்புச் செய்தி தக்காளி வழியாகத் தெளிவாகத் தெரிந்தது. வீட்டில் இருந்த ஏழு தக்காளியையும் அப்படியே நறுக்கி, பேப்பர் முழுக்கப் பரப்பி, மகளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். மகள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். இந்த மாதிரி நுணுக்கமான வில்லைகளைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. அவளே வாயைப் பிளந்தாள்.

அதன் பிறகு டீச்சரின் கண்ணுக்கு உலகத்தில் உள்ள இரும்பெல்லாம் கத்தியாகத்தான் தெரிந்தது. உடைந்த ரம்பத் தகடு, மழுங்கிய உளி, லாரியின் ஸ்பிரிங் பட்டை, எதைக் கண்டாலும் நின்று தடவிப் பார்த்தார். வேலி வெட்டும் கத்தரியைக் கவலையில்லாமல் வெளியே வைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் இப்போது அதை உள்ளே வைத்துப் பூட்டினார். டீச்சர் தான் செய்த கத்திகளைத் தெரு முழுக்கக் கொடுத்தார். வாங்கினவர்கள் ஆயுசில் கூரான கத்தியையே பார்க்காதவர்கள். அமுக்கி அமுக்கி வெட்டியே பழகினவர்கள். ஒரே வாரத்தில் தெருவில் பாதிப் பேர் விரலில் பிளாஸ்டரோடு நடமாடினார்கள். ஆனால் ஒருத்தர்கூடக் கத்தியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் மகளின் கல்யாணப் பேச்சு வந்தது.

பையன் அதே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவன். இரண்டு பேரும் தாங்களே பேசி முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்கள் சந்தித்துத் தேதி குறிக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன் வீட்டுக்குக் கிளம்பினார்கள். தம்பிதான் வண்டி ஓட்டினான். தாய்மாமன் இல்லாமல் எப்படி? வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் டீச்சரின் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். அந்த வீட்டில் கத்தி, அரம், உலை, துரு என்று ஒரு வார்த்தை வரக்கூடாது. முதல் தடவை போகிறோம், நம்மை என்ன மாதிரிக் குடும்பம் என்று நினைப்பார்கள்? மகளும் சேர்ந்துகொண்டாள். பையனின் அம்மா ரொம்பக் கண்டிப்பு, அதிகம் பேசவே மாட்டார் என்றாள். டீச்சர் வாக்குக் கொடுத்தார். மனதாரத்தான் கொடுத்தார். முந்தின நாள் செய்து முடித்த சின்னக் கத்தியைத் தம்பிக்குக் காட்டவென்று கைப்பையில் போட்டிருந்தது அப்போது அவர் ஞாபகத்திலேயே இல்லை.

பையன் வீடு ஊருக்கு வெளியே இருந்தது. செடி வளர்த்து விற்கும் நர்சரி. வாசலிலிருந்து வரிசை வரிசையாகத் தொட்டிகள், நடுவில் வீடு, பக்கத்தில் தகரக் கொட்டகை. பையனின் அப்பா கேட்டுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். நல்ல மனிதர், வாய்தான் ஓயவில்லை. மழை, பஸ் நேரம், முழங்கால் வலி, மண்புழு, மறுபடி மழை. பையனின் அம்மா எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உயரமானவர், அகலமான கைகள். எது சொன்னாலும் சரி என்பார், அதோடு சரி. பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் முன்னால் உட்காரும்போதுகூட டீச்சருக்கு இவ்வளவு வியர்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் ஜன்னலைப் பார்த்துத் தொலைத்தார்.

கொட்டகைச் சுவரில் ஒரு ரம்பம் தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஆள் நீளம். இரண்டு முனையிலும் மரக் கைப்பிடி. விரல் நீளத்துக்குப் பற்கள். தகடு முழுக்கக் காவி பூத்த துரு. ஆனால் துரு மேலோடுதான், உள்ளே எஃகு அப்படியே இருக்கும் என்பது டீச்சருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கையில் இருந்த டீ ஆறிப்போனது. உள்ளே சம்பந்தி மண்புழுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த ரம்பம் காதில் விழவே இல்லை. வெளியே தொங்கிய ரம்பம்தான் கண்ணை விட்டுப் போகவில்லை. நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, தலையும் வாலுமாக மாற்றி மாற்றி வரைந்தால் எத்தனை வரும்? கணக்கு அதுபாட்டுக்கு ஓடியது. தம்பியைப் பார்த்தார். அவனும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவின் கண்ணைச் சந்தித்ததும் சட்டென்று தரையைப் பார்த்தான்.

இதற்குள் சம்பந்தியம்மா ஒரு பெரிய கேக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்து வெட்ட ஆரம்பித்தார். கத்தி ரொம்ப வருஷமாக மழுங்கிப்போன கத்தி. அழுத்தினார், கேக் ஒரு பக்கம் சப்பையாகப் போனது. அறுத்தார், மேலே பூசியிருந்த கிரீம் கத்தியோடு கிளம்பி வந்தது. மூன்றாவது தடவை அழுத்தியதில் கேக் நடுவில் குழிவிழுந்து உட்கார்ந்துவிட்டது. வந்தவர்கள் முன்னால் இப்படி ஆனதில் அவருடைய காது மடல் சிவந்தது. டீச்சரால் தாங்க முடியவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்கு முன்பே கை பைக்குள் போய், கத்தியை எடுத்து, மேசை மேல் வைத்துவிட்டது.

மண்புழுக் கதை பாதியில் நின்றது. டீச்சரின் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். சம்பந்தம் பேச வந்த இடத்தில் பையிலிருந்து கத்தி எடுத்தவளுக்கு எந்தப் பாலிசியிலும் இடம் இருக்காது என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. மகள் சுவரில் இருந்த பல்லியைக் கவனமாகப் பார்த்தாள்.

"என்ன இது?" என்றார் சம்பந்தியம்மா.

"அரம்ங்க," என்றார் டீச்சர். "போன மாசம் வரைக்கும்."

சம்பந்தியம்மா கத்தியைக் கையில் எடுத்தார். கைப்பிடியைப் பார்த்தார், அது வகுப்பறைக் கரும்பலகையில் கோடு போடும் பழைய மர ஸ்கேல், சென்டிமீட்டர் கோடுகள்கூட அழியாமல் இருந்தன. கூர் மேல் குறுக்காகக் கட்டை விரலை லேசாக வைத்துப் பார்த்தார். பிறகு கேக்கில் வைத்தார். அழுத்தவே இல்லை, கத்தி தன் பாட்டுக்கு இறங்கியது. ஒரு துண்டு, இன்னொரு துண்டு. கத்தியை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

எல்லாம் முடிந்தது என்று டீச்சர் நினைத்தார். ஆனால் சம்பந்தியம்மா இரண்டு கைகளாலும் ஒரு தர்பூசணியை அணைத்துத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அதை வில்லை போட்டார். மறுபடி உள்ளே போய் ரொட்டி கொண்டுவந்தார். அதற்குப் பிறகு வெள்ளரிக்காய். கடைசியில் வெட்ட ஒன்றும் இல்லாமல் ஒரு காகிதத்தை எடுத்து நுனியில் பிடித்து, மேலிருந்து கீழாக ஒரு வீச்சு வீசினார். காகிதம் இரண்டாகப் பிரிந்து மெதுவாக ஆடி ஆடிக் கீழே இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பையன் மகளிடம் குனிந்து, தன் அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டான்.

எப்படிச் செய்தீர்கள் என்று சம்பந்தியம்மா கேட்டதுதான் தாமதம், டீச்சர் மடை திறந்துவிட்டார். செங்கல் உலை, அன்னாசிப்பழ காந்தம், வாளியில் பாதி நின்றுபோன கத்தி, தெருவில் இருக்கிற பிளாஸ்டர்கள், ஒன்று விடவில்லை. கேட்கக் கேட்க அந்த அம்மா நாற்காலியை இழுத்து இழுத்துக் கிட்டே வந்தார். அந்தச் சந்தோஷத்தில் டீச்சருக்கு நாக்கு நழுவியது.

"உங்க கொட்டகையில தொங்குதே, அந்த ரம்பத்துலயே பதினோரு கத்தி வரும்ங்க."

சம்பந்தி டீக் கோப்பையைக் கீழே வைத்தார். அது சும்மா ரம்பம் இல்லை என்றார். நர்சரி வைப்பதற்கு முன்னால் அவர் மரம் அறுக்கிறவர். ஒருநாள் மறுமுனையைப் பிடிக்கிற ஆள் வரவில்லை. அன்றைக்கு வேலை கேட்டு வந்த ஒரு பெண் நான் பிடிக்கிறேன் என்று பிடித்தார். மறுநாள் பழைய ஆள் வந்தும் அந்தப் பெண் கைப்பிடியைக் கொடுக்கவில்லை. அந்தப் பெண்தான் இதோ எதிரே உட்கார்ந்திருப்பது. பதினாறு வருஷம் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையாக அதைத்தான் இழுத்தார்கள்.

டீச்சருக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. தெரியாமல் சொல்லிவிட்டேன் சம்பந்தி, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவருடைய கணவரும் எழுந்து நின்று கை கூப்பினார்.

"பதினொண்ணா?" என்றார் சம்பந்தியம்மா.

டீச்சர் தயங்கினார். "சின்னதா போட்டா பன்னெண்டு."

சம்பந்தியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். வாங்க என்றார். சம்பந்தி பதறிப் பின்னாலேயே ஓடினார்.

"ஏய், அது நம்ம ரம்பம்."

"செவுத்துல மாட்டி எத்தன வருஷம் ஆச்சு? உங்களுக்கு அது ஞாபகம். எனக்குத் தோள்வலி."

சம்பந்தி இரண்டடி தள்ளி நின்று அதை யோசித்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி, ஆனால் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள், கைப்பிடி இரண்டும் எனக்கு வேண்டும் என்றார்.

ரம்பத்தை இறக்கினார்கள். முற்றத்தில் காய்ந்த மரத்துண்டு ஒன்று கிடந்தது. அதை இரண்டு கல் மேல் தூக்கி வைத்தார்கள். சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று கைப்பிடியைப் பிடித்தார்கள். முதல் இழுப்பில் துருதான் கொட்டியது. இரண்டாவதில் பல் மாட்டிக்கொண்டது. தள்ளாதீங்க, இழுக்க மட்டும் செய்யுங்க என்றார் சம்பந்தியம்மா. நீதான் தள்ளுற என்றார் சம்பந்தி. நாலாவது இழுப்பில் என்ன ஆனதோ, இரண்டு தோளும் ஒன்றாக அசைய ஆரம்பித்தன. ரம்பம் முனகலை விட்டுப் பாட ஆரம்பித்தது. மரத்தூள் இரண்டு பக்கமும் மஞ்சளாகப் பொங்கியது. முழங்கால் வலிக்காரர் முழங்காலை மறந்துவிட்டார். துண்டு அறுந்து தொப்பென்று விழுந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு யாரை நிறுத்த முடியும்? டீச்சரும் தம்பியும் இழுத்தார்கள். பையனும் மகளும் இழுத்தார்கள். கடைசியில் சம்பந்தியம்மா டீச்சரின் கணவரைப் பார்த்து, நீங்களும் வீட்டம்மாவும் ஒரு பிடி பிடியுங்கள் என்றார். அவர் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். கண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். காலை அகட்டி வைத்தார். இழுத்தார். ரம்பம் பாம்பு மாதிரி நெளிந்து, கூ என்று ஊளையிட்டது. அந்தச் சத்தத்தில் முதலில் டீச்சருக்குக் கை தளர்ந்தது, பிறகு கால் தளர்ந்தது, அப்படியே மரத்தூள் மேல் உட்கார்ந்து சிரித்தார். கணவர் கைப்பிடியை விடாமல் இன்னும் இன்னும் என்று இழுத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து இன்னும் என்ற சொல் வந்து டீச்சர் கேட்டதில்லை.

மீதி வேலை மளமளவென்று நடந்தது. தம்பியின் வண்டிப் பின்பெட்டியில் இரும்பு அறுக்கும் கிரைண்டர் இல்லாமல் எப்போது இருந்தது? கைப்பிடிகளைக் கழற்றிச் சம்பந்தியிடம் கொடுத்தார்கள். அவர் அவற்றைத் துடைத்து, இருந்த அதே ஆணிகளில் ஆணிக்கொன்றாக மாட்டினார். டீச்சர் பையில் எப்போதும் கிடக்கும் சாக்பீஸை எடுத்து, மேலாகத் துருவைத் தேய்த்த தகட்டில் கத்தி உருவங்களை வரைந்தார். ரம்பத் தகட்டுக்கு உலை வேண்டாம், ஏற்கெனவே பதம் இருக்கிறது, சூடேறினால்தான் பதம் போய்விடும் என்று தம்பி சொன்னதால் பையன் செடிக்கு ஊற்றும் பூவாளியால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தான். தீப்பொறி ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். சம்பந்தியம்மாவின் நல்ல புடவையில் கறுப்புத் தண்ணீர் தெறித்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு கத்தியை வெட்டச் சொன்னார்.

வெயில் சாயும்போது நாலு தகடுகள் கத்தி உருவத்துக்கு வந்திருந்தன. வீட்டுக்கு இரண்டு என்று பிரித்துக்கொண்டார்கள். மீதித் தகட்டை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. வாசலில் வழியனுப்பும்போது சம்பந்தியம்மா டீச்சரின் கையைப் பிடித்து, கொட்டகைக்குப் பின்னால் இன்னும் நிறைய இரும்பு கிடக்கிறது என்று ரகசியம் மாதிரிச் சொன்னார்.

வண்டி பாதி தூரம் வந்திருக்கும். மகள் பின்சீட்டில் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, கல்யாணத் தேதி என்ன?"

தம்பி வண்டியை ஓரம் கட்டினான். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வீட்டில் இருந்துவிட்டு வருகிறார்கள், போன காரியத்தை ஒருத்தரும் பேசவில்லை. கணவர் போனை எடுத்துச் சம்பந்தியைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் எடுத்ததுமே சிரிப்புத்தான் வந்தது. அவர்களுக்கும் இப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. சம்பந்தியம்மா எங்கே என்று கேட்டதற்கு, உப்புத்தாளோடு கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறாள், கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள், தேதியை நீங்களே சொல்லுங்கள் என்றாராம். சாலையோரத்தில், லாரிகள் காற்றை அடித்துக்கொண்டு போக, ஐந்தே நிமிஷத்தில் தேதி குறித்தார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குப் பத்து நாள் முன்னால். மகள் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று திரும்பிப் பார்த்த டீச்சருக்கு, அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை என்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் குளித்து, உடை மாற்றி, சாப்பிட எடுத்து வைத்தார். கணவரைக் காணவில்லை. பார்த்தால் வாசற்படியில் அதே துருக் கறை படிந்த சட்டையோடு உட்கார்ந்து, பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்த கத்தித் தகடு ஒன்றை மடியில் வைத்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் தோட்டத்து உறை. கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி. துருவுக்கு அடியிலிருந்து ஒரு ரூபாய் அகலத்துக்கு எஃகு வெள்ளையாக எட்டிப் பார்த்தது. சாப்பிட வாங்க என்றார் டீச்சர்.

"நீ சாப்பிடும்மா. இந்தப் பக்கம் மட்டும் முடிச்சுட்டு வந்துடறேன்."

டீச்சர் உள்ளே போய் இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு வந்து படியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.